படகிற் கொப்புளமும் வாங்குவோர் உரிமையும்

கண்ணாடியிழைப் படகின் புறத்தே ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் கனத்தில் ஜெல் பூச்சு உண்டு. அது நீரை முற்றும் தடுப்பதன்று. ஊடுருவும் நீர், பிசினில் எஞ்சிய பொருள்களைக் கரைத்துச் செறிந்த கரைசலாகிறது. உலர்ந்த திராட்சை நீரில் ஊறிப் பருப்பதுபோல, அக்கரைசல் மேலும் நீரை ஈர்க்கப் பூச்சு கொப்புளிக்கிறது. இதுவே சவ்வூடுபரவல்.

புதுப் படகில் இது தோன்றின் உடனே சுரண்டலாகாது, சான்று அழிந்துவிடும். கரையேற்றிய அன்றே அளவுகோல் வைத்துப் படமெடுத்து, சார்பற்ற படகு ஆய்வாளரின் அறிக்கையோடு, விற்றவருக்கும் செய்தவருக்கும் தேதியிட்டு எழுதுக. உள்ளீரம் உலராமல் மேலே பூசித் தந்தால் ஏற்கற்க; கொப்புளம் மீளும்.

சொந்தப் பயனுக்கு விற்கும் பொருள் ஏற்கத்தக்க தரமுடையதாதல் வேண்டும் என்கிறது மலேசியாவின் 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம். உத்தரவாதச் சீட்டின் வாசகம் அவ்வுரிமையைப் பறிக்க இயலாது.