ஊரில் இருந்தபடியே வாசல் லைட்டை அணைப்பது எப்படி?

பொங்கலுக்கு நான்கு நாள் ஊருக்குப் போகிறீர்கள். அம்பத்தூர் மேனாம்பேட்டில் தனி வீடு. வாசல் லைட்டைப் போட்டுவிட்டுப் போனால் பட்டப்பகலிலும் எரியும். வீட்டில் ஆள் இல்லை என்று தெருவுக்கே தெரிந்துவிடும். அணைத்துவிட்டுப் போனால் ராத்திரி கும்மிருட்டு. பக்கத்து வீட்டு அக்காவிடம் சாவி கொடுப்பதுதான் நமக்குத் தெரிந்த வழி. அந்த வேலையை இப்போது தீப்பெட்டி சைஸ் வைஃபை ரிலே ஒன்று பார்த்துக்கொள்கிறது.

ரிலே என்பது கரண்டால் இயங்கும் சுவிட்ச். உள்ளே இருக்கும் காயில் காந்தமாகி, 230 வோல்ட் லைனைச் சேர்க்கும், பிரிக்கும். 'டக்' என்று கேட்பது அதுதான். 2014-ல் சீனாவின் எஸ்பிரெசிஃப் நிறுவனத்தின் இஎஸ்பி8266 என்ற வைஃபை சிப் பரவலான பிறகு, இதையெல்லாம் மலிவாகச் செய்ய முடிந்தது.

சரி, ஊரில் இருக்கும் உங்கள் போன் இந்த ரிலேவை எப்படிக் கண்டுபிடிக்கும்? கண்டுபிடிக்காது. வெளியிலிருந்து வருபவரை ரவுட்டர் பொதுவாக உள்ளே விடாது. அதனால் ரிலேதான் உள்ளிருந்து கிளம்பி, 'புரோக்கர்' என்ற சர்வருடன் இணைந்து காத்திருக்கும். உங்கள் மெசேஜ் முதலில் புரோக்கருக்கு, அங்கிருந்து ரிலேவுக்கு. இந்த முறைக்கு எம்க்யூடிடி என்று பெயர். 1999-ல் ஐபிஎம்மின் ஆண்டி ஸ்டான்ஃபோர்ட் கிளார்க்கும், ஆர்லன் நிப்பரும் எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் வழியாகக் கண்காணிக்க உருவாக்கியது. லைன் அடிக்கடி அறுந்துபோகும் என்று தெரிந்தே செய்தார்கள். கரண்ட் கட் பழகிய நமக்கு இது ரொம்பப் பொருத்தம்.

எப்படி? நீங்கள் 'ஆன்' சொல்லும்போது வீட்டில் கரண்ட் இல்லை என்று வையுங்கள். கடைசி மெசேஜைப் பிடித்துவைக்கச் சொல்லியிருந்தால், கரண்ட் வந்து ரிலே இணைந்ததும் புரோக்கர் அதைக் கொடுத்துவிடும். லைட் எரியும். ரிலே தொடர்பை இழந்தால் சொல்ல வேண்டிய தகவலையும் முன்கூட்டியே எழுதிவைக்கலாம். அதற்குப் பெயரே 'கடைசி உயில்'!

டெலிகிராம் பாட் மூலமும் செய்யலாம். ஆனால் உங்கள் சாட் ஐடிக்கு மட்டும் பதில் சொல்லும்படி வையுங்கள். இல்லாவிட்டால் பாட் பெயர் தெரிந்த யாரும் உங்கள் லைட்டோடு விளையாடலாம். ரவுட்டரில் போர்ட் திறந்துவிடும் குறுக்குவழி வேண்டவே வேண்டாம். 2016-ல் மிராய் வைரஸ், கம்பெனி பாஸ்வேர்டு மாற்றாத கேமராக்களையும் ரவுட்டர்களையும் பிடித்துத்தான் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் வரை திணறவைத்தது.

வயரிங் எலக்ட்ரீஷியன் வேலை. யூடியூப் பார்த்து நீங்களே கை வைக்காதீர்கள். ரிலே ஃபேஸ் வயரில்தான் வர வேண்டும். நியூட்ரலில் போட்டால் அணைத்த பிறகும் ஹோல்டரில் கரண்ட் இருக்கும். மழையில் நனைந்த கேட் லைட்டில் அது உயிருக்கே ஆபத்து. பழைய வீடுகளில் பல சுவிட்ச் பாக்ஸுக்கு நியூட்ரலே வந்திருக்காது, முதலில் அதைப் பாருங்கள். சுவர் சுவிட்சையும் ரிலேவின் எஸ்1, எஸ்2 முனைகளில் இணைக்கச் சொல்லுங்கள். நெட் போன ராத்திரியில் அம்மா போனைத் தேடிக்கொண்டிருக்கக் கூடாது இல்லையா?

இன்னொன்று. போனில் 'ஆன்' என்று வந்தால் ரிலே சேர்ந்திருக்கிறது என்று மட்டும்தான் அர்த்தம். பல்ப் ஃபியூஸ் போயிருந்தாலும் 'ஆன்' என்றே காட்டும். நிஜமாகவே எரிகிறதா என்று தெரிய, அக்காவுக்குத்தான் போன் போட வேண்டும்.