புண்ணாக்கு யாருக்குப் போகிறது?

பண்ருட்டியிலிருந்து வடலூர் போகும் சாலையில் இருக்கிறது காடாம்புலியூர். செம்மண் பூமி, முந்திரித் தோப்பு, பலா மரம், நடுநடுவே மல்லாட்டை எனப்படும் நிலக்கடலைக் கொல்லை. இதே கடலூர் மாவட்டத்தின் தெற்கே சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் பக்கம் போனால் காவிரிக் கடைமடை. அங்கே நெல் அறுப்புக்கு முன்பே வயல் ஈரத்தில் உளுந்து தெளித்துவிடுவார்கள். மேட்டில் எண்ணெய் வித்து, பள்ளத்தில் பயறு. கறவை மாட்டுக்கு வேண்டிய புரதம் மாவட்டத்தின் இரண்டு பக்கத்திலும் விளைகிறது.

மல்லாட்டை இங்கே நேற்று வந்த பயிரல்ல. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே தென்னார்க்காட்டுக் கொட்டை புதுச்சேரியிலிருந்து பிரான்சின் மார்செய் துறைமுகத்துக்குக் கப்பலேறியது. இன்றும் விருத்தாசலத்தில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் ‘வி.ஆர்.ஐ.’ என்ற பெயரில் நிலக்கடலை ரகங்களை வெளியிட்டுவருகிறது. எண்ணெய் நம் அடுப்பங்கரைக்கு, சக்கை மாட்டுத் தொட்டிக்கு என்பது பழைய ஏற்பாடு. ஆனால் அந்தச் சக்கை தொட்டியிலிருந்து எங்கே போகிறது என்பது பலருக்குத் தெரியாது. அது தெரிந்தால் தீவனச் செலவில் ஒரு பகுதியை மிச்சம் பிடிக்கலாம்.

பாலின் வரவு செலவு

ஒரு லிட்டர் பசும்பாலில் ஏறத்தாழ 33 கிராம் புரதம் இருக்கிறது. பத்து லிட்டர் கறக்கும் ஜெர்சி கலப்பினப் பசு தினமும் 330 கிராம் புரதத்தை மடி வழியாக வெளியே அனுப்புகிறது. தன் உடம்பைக் காத்துக்கொள்ளவும், சினையாக இருந்தால் கன்றை வளர்க்கவும் வேண்டியது தனி. வைக்கோல் இதில் ஒன்றுக்கும் உதவாது. அதில் உள்ள புரதம் 3, 4 சதவீதம்தான். செரித்து உடம்பில் சேர்வது அநேகமாகப் பூஜ்யம். வைக்கோல் வயிற்றை நிரப்பும், நார்ச்சத்து தரும், அவ்வளவுதான். தவிட்டில் 12, 13 சதவீதம் இருக்கிறது. கறவைக்கு அதுவும் போதாது.

அந்தப் பள்ளத்தை நிரப்பத்தான் புண்ணாக்கு. கடலைப் புண்ணாக்கில் 40 சதவீதத்துக்கும் மேல் புரதம். எள்ளுப் புண்ணாக்கில் 35 முதல் 40 வரை. சோயாவில் 45-ஐத் தாண்டும். தேங்காய்ப் புண்ணாக்கிலும் தோல் நீக்காத பருத்திக்கொட்டைப் புண்ணாக்கிலும் 20 முதல் 25 வரை. செக்கில் ஆட்டியதில் எண்ணெய் கொஞ்சம் தங்கும். கரைப்பான் ஊற்றிப் பிழிந்த ஆலைச் சக்கையில் ஒரு சதவீத அளவுதான் எண்ணெய் மிஞ்சும், அதனால் புரதத்தின் பங்கு கூடும். ஆமணக்குப் புண்ணாக்கில் ரைசின் என்ற கடும் நஞ்சு உண்டு. அது வயலுக்கு எரு, மாட்டுக்கு எமன்.

முதல் பந்தி கிருமிகளுக்கு

மாட்டின் இரைப்பை நான்கு அறை கொண்டது. முதல் அறையான பெருவயிறு நூறு லிட்டருக்கு மேல் கொள்ளும். அதில் உள்ள நீரில் ஒரு மில்லிலிட்டர் எடுத்தால் ஆயிரம் கோடி பாக்டீரியா இருக்கும். தின்ற புண்ணாக்கு முதலில் இவற்றிடம்தான் போகிறது. அவை புரதத்தைச் சிதைத்து அமோனியாவாக்கி, அந்த அமோனியாவைக் கொண்டு தங்கள் உடம்பைக் கட்டிப் பெருகுகின்றன. பிறகு தீவனத்தோடு நான்காம் அறைக்கு அடித்துச் செல்லப்பட்டு, அங்கே செரிக்கப்படுகின்றன. பசுவுக்குக் கிடைக்கும் புரதத்தில் பெரும்பங்கு இப்படி இறந்துபோன நுண்ணுயிர்களின் உடல்தான்.

பின்லாந்து விஞ்ஞானி ஆர்த்துரி விர்த்தனென் இதை எல்லை வரை சோதித்துப் பார்த்தார். பசுந்தீவனத்தைக் கெடாமல் பதப்படுத்தும் முறைக்காக 1945-இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றவர் அவர். 1960-களில், தீவனத்தில் புரதமே வைக்காமல் யூரியாவும் அமோனிய உப்பும் மாவுச்சத்தும் கொடுத்துப் பசுக்களை வளர்த்தார். அவை பால் கறந்தன. இதைப் பார்த்து யாரும் தொட்டியில் யூரியாவை அள்ளிப் போட்டுவிடக் கூடாது. அளவு மீறினால் மாடு சில மணி நேரத்தில் செத்துவிடும். அவருடைய சோதனை காட்டுவது ஒன்றைத்தான்: மாட்டை வளர்ப்பவர் உண்மையில் வளர்ப்பது பெருவயிற்றுக் கிருமிகளை.

இதிலிருந்து மூன்று நடைமுறைகள் பிறக்கின்றன.

ஒன்று, புண்ணாக்கோடு மாவுச்சத்தும் சேர வேண்டும். அமோனியாவை உடம்பாக்கக் கிருமிகளுக்குச் சக்தி தேவை. அது மக்காச்சோளம், கம்பு போன்ற தானியத்தில் கிடைக்கிறது. தானியம் இல்லாமல் புண்ணாக்கை மட்டும் கூட்டினால், மிஞ்சிய அமோனியா ரத்தத்தில் ஏறும். ஈரல் அதை யூரியாவாக மாற்றும். கொஞ்சம் உமிழ்நீரோடு வயிற்றுக்குத் திரும்பும். மிச்சம் மூத்திரமாகப் போகும். காசு கொடுத்து வாங்கிய புரதம் கொட்டகைத் தரையில் நெடியடிக்கும். சினைபிடிப்பும் தள்ளிப்போகலாம்.

இரண்டு, புண்ணாக்கைக் கலந்து கொடுப்பது நல்லது. கடலைப் புண்ணாக்குப் புரதம் பெருவயிற்றில் சீக்கிரம் சிதைந்துவிடும். தேங்காய்ப் புண்ணாக்கிலும் பருத்திக்கொட்டையிலும் உள்ள புரதத்தில் கணிசமான பங்கு சிதையாமல் தாண்டி, குடலில் நேராகச் செரிக்கும். கறவை கூடிய மாட்டுக்கு இந்தத் தாண்டும் புரதம் அவசியம். கிருமிகள் தருவது மட்டும் அதற்குப் போதாது.

மூன்று, தீவனத்தைத் திடீரென்று மாற்றக் கூடாது. புதிய தீவனத்துக்குக் கிருமிக் கூட்டம் பழக ஒன்றிரண்டு வாரம் பிடிக்கும். பலா சீசனில் பண்ருட்டிப் பக்கம் இதை நினைவில் வைக்க வேண்டும். ஒரே நாளில் பழச்சுளையும் சக்கையும் அளவில்லாமல் தின்ற மாட்டுக்குப் பெருவயிற்றில் அமிலம் பொங்கி, அசைபோடுவது நின்றுவிடும். கல்யாண வீட்டுச் சோற்றைக் கொட்டினாலும் இதே கதைதான்.

வேலியில் நிற்கும் புரதம்

புரதத்தைக் கடையில்தான் வாங்க வேண்டும் என்பதில்லை. அகத்தி, வேலிமசால், சவுண்டல், கிளைரிசிடியா இலைகளைக் காயவைத்து அளந்தால் ஏறத்தாழ 20 சதவீதமும் அதற்கு மேலும் புரதம் தேறும். மல்லாட்டைக் கொடியும் உளுந்தங்கொடியும் வைக்கோலைவிட எவ்வளவோ மேல்.

சவுண்டலில் மிமோசின் என்ற நஞ்சு உண்டு. ஆஸ்திரேலியாவில் அதைத் தின்ற மாடுகள் நலிந்தன. ஹவாய் ஆடுகளுக்கோ ஒன்றும் ஆகவில்லை. அந்த ஆடுகளின் வயிற்றில் நஞ்சை முறிக்கும் ஒரு பாக்டீரியா இருப்பதை ரேமண்ட் ஜோன்ஸ் என்ற ஆய்வாளர் கண்டறிந்தார். அவர் பெயராலேயே அதற்கு ‘சினர்ஜிஸ்டெஸ் ஜோன்சியை’ என்று பெயரிட்டார்கள். நம் ஊரில் பசுந்தீவனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சவுண்டல் போடாமல் இருந்தால் போதும்.

பூஞ்சணம் பாலில் வரும்

1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்தன. கடைசியில் பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கில் போய் முடிந்தது விசாரணை. அதில் வளர்ந்திருந்த பூஞ்சணம் சுரந்த நஞ்சுக்கு அஃப்ளடாக்சின் என்று பெயர் வைத்தார்கள். மாடு அதைத் தின்றால் ஒரு பங்கு எம்1 என்ற வடிவத்தில் பாலில் இறங்கும்; காய்ச்சினாலும் போகாது. பாலில் அது கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் வரம்பு. ஐப்பசி, கார்த்திகை மழையில் கடலூர்க் கரையோரக் காற்றே ஈரம். மூட்டையைத் தரையில் போடாமல் பலகைமேல், சுவரை ஒட்டாமல் அடுக்க வேண்டும். பச்சையோ கறுப்போ பூத்த புண்ணாக்கை, உடைத்து உதறிக்கூட மாட்டுக்கு வைக்கக் கூடாது.

எவ்வளவு வைப்பது?

தானியம் 40 கிலோ, இரண்டு வகைப் புண்ணாக்காக 25, தவிடு 32, தாதுஉப்புக் கலவை 2, சாப்பாட்டு உப்பு 1. இப்படிக் கலந்த 100 கிலோவில் 16 முதல் 18 சதவீதம் புரதம் இருக்கும். பசுவின் உடம்புக்கு ஒன்று, ஒன்றரை கிலோ. அதற்கு மேல் ஒவ்வொரு இரண்டரை லிட்டர் பாலுக்கும் ஒரு கிலோ. நாளுக்கு இரண்டு வேளையாகப் பிரித்து வைக்கலாம். பசுந்தீவனம் நிறைய இருந்தால் இதைக் குறைக்கலாம்.

புண்ணாக்கைக் கூட்டுவதற்கு முன் தொட்டியில் தானியம் இருக்கிறதா, மூட்டை காய்ந்திருக்கிறதா, வேலியில் அகத்தி நிற்கிறதா என்று பாருங்கள். இந்த மூன்றும் சரியாக இல்லாமல் வைக்கும் ஒவ்வொரு கிலோ புண்ணாக்கிலும் ஒரு பங்கு வீண்தான்.