விளையாட்டுக் கம்ப்யூட்டர் வாங்கப் போகிறீர்களா? பணத்தை எதில் போடுவது?

சென்னை அண்ணா சாலையை ஒட்டி ஒரு தெரு இருக்கிறது. ரிச்சி தெரு என்று பெயர்.

குறுகலான தெரு. இரண்டு பக்கமும் கடைகள். வாசல்தோறும் அட்டைப் பெட்டிகள். கம்ப்யூட்டருக்கு வேண்டிய எந்தச் சாமானும் இங்கே கிடைக்கும்.

பரீட்சை முடிந்ததும் பையன்கள் அப்பாவைக் கூட்டிக்கொண்டு இங்கே வருகிறார்கள். பையன் கையில் ஒரு சீட்டு. அப்பாவின் சட்டைப் பையில் பணம்.

"கேம் ஆடுகிற கம்ப்யூட்டர் வேண்டும். சாமானாகக் கொடுங்கள். வீட்டில் நாங்களே மாட்டிக்கொள்வோம்" என்கிறான் பையன்.

மாட்டுவது பெரிய வித்தை அல்ல. ஒரு திருப்புளி போதும். ஒரு பகல் பொறுமை வேண்டும். கஷ்டம் எல்லாம் சாமானைத் தேர்ந்தெடுப்பதில்தான்!

கையில் 70 ஆயிரம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். சில வீடுகளில் அது சீட்டு எடுத்த பணம். சில வீடுகளில் அக்காளின் முதல் போனஸ். சரியாக வாங்கினால் ஐந்து வருஷம் உழைக்கும். தவறாக வாங்கினால் ஐந்தே நாளில் பையன் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வான்.

எதை முதலில் முடிவு செய்வது?

புள்ளிக் கணக்கு

திரையை முடிவு செய்யுங்கள். பலர் இதைக் கடைசியில் பார்க்கிறார்கள். அது தலைகீழான வழி.

திரையில் தெரியும் படம் புள்ளிகளால் ஆனது. சாதாரணத் திரையில் குறுக்கே 1,920 புள்ளி. நெடுக்கே 1,080 புள்ளி. பெருக்கினால் 20 லட்சத்து 73 ஆயிரத்து 600 புள்ளிகள்.

விளையாட்டு திக்காமல் ஓட ஒரு வினாடிக்கு 60 படம் வேண்டும். அதாவது வினாடிக்கு 12 கோடிப் புள்ளிகளுக்கு மேல் நிறம் தீட்டவேண்டும்!

'4 கே' என்று ஒரு திரை விற்கிறது. அதில் புள்ளிகள் நான்கு மடங்கு. வேலையும் ஏறக்குறைய அந்த அளவுக்கு ஏறும். 70 ஆயிரம் ரூபாயில் அந்த ஆசை வேண்டாம். சாதாரணத் திரையே போதும்.

நிறம் தீட்டுவது யார்?

அதுதான் கிராபிக்ஸ் கார்டு. விளையாட்டுக் கம்ப்யூட்டரில் இதுதான் மாப்பிள்ளை. மற்றவை எல்லாம் மாப்பிள்ளைத் தோழர்கள். திரை, கீபோர்டு, மவுஸ் நீங்கலாக உள்ள பணத்தில் ஐந்தில் இரண்டு பங்கை இதற்கு ஒதுக்கலாம்.

இதில்தான் ஏமாற்றமும் அதிகம்.

"எத்தனை ஜி.பி. கார்டு?" என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்வி மட்டும் போதாது. ஜி.டி. 730 என்று ஒரு கார்டு 2014-ல் வந்தது. அதிலும் 4 ஜி.பி. ரகம் உண்டு. ஆனால் இன்றைய பெரிய விளையாட்டுகளை அதனால் இழுக்க முடியாது. மாட்டுக்குப் பெரிய தொட்டி வைத்தால் மாடு வேகமாக ஓடுமா?

ஒரே பெயரில் இரண்டு சரக்கும் உண்டு. ஆர்.டி.எக்ஸ். 3050 என்ற கார்டு 2022-ல் 8 ஜி.பி. நினைவகத்தோடு வந்தது. 2024-ல் அதே பெயரில் 6 ஜி.பி. கார்டு வந்தது. குறைந்தது நினைவகம் மட்டும் அல்ல. உள்ளே கணக்குப் போடும் பகுதிகளும் குறைவு. பெட்டியில் 3050 என்பது பெரிய எழுத்து. ஆகவே சிறிய எழுத்தையும் படித்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

இன்று புதிதாக வாங்குகிறவர்கள் 8 ஜி.பி.க்குக் கீழே போகவேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

பழைய கார்டு மலிவாகக் கிடைக்குமே என்கிறீர்களா? கிடைக்கும். ஆனால் ஒரு சங்கதி. 'எத்திரியம்' என்ற மின்பணத்தைச் சம்பாதிக்கப் பலர் கார்டுகளை இரவு பகலாக ஓட்டினார்கள். 2022 செப்டம்பரில் அந்த மின்பணத்தின் முறை மாறியது. கார்டுகளுக்கு வேலை போயிற்று. ஏராளமான கார்டுகள் பழைய சந்தைக்கு வந்தன. கண் முன்னால் அரை மணி நேரம் விளையாட்டை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் நடையைக் கட்டுங்கள்.

கண்ணுக்குத் தெரியாத ஆபத்து

இப்போது சொல்லப் போவதை அப்பாமார்கள் கவனமாகப் படிக்கவேண்டும்.

கடைகளில் எஸ்.எம்.பி.எஸ். என்று ஒரு பெட்டி கொடுப்பார்கள். வீட்டுக்கு வரும் 230 வோல்ட் மின்சாரத்தை 12 வோல்ட், 5 வோல்ட், 3.3 வோல்ட் என்று இறக்கி, எல்லாச் சாமானுக்கும் பங்கிடுவது இதுதான். விளையாட்டின் வேகத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. அதனால் பையன்கள் இதில்தான் மிச்சம் பிடிக்கிறார்கள்.

மலிவான பெட்டியில் பாதுகாப்புச் சுற்றுகள் ஒழுங்காக இருக்காது. அது கெடும்போது தனியாகக் கெடாமலும் போகலாம். மதர்போர்டையும் கூட இழுத்துக்கொண்டு போகும். சில சமயம் கிராபிக்ஸ் கார்டும் போய்விடும். ஆயிரம் ரூபாய் மிச்சம் பிடித்து முப்பதாயிரத்தை இழந்த கதை இப்படித்தான் நடக்கிறது.

நல்லதை எப்படிக் கண்டுபிடிப்பது? பெருக்கல் தெரிந்தால் போதும்!

ஒரு பெட்டியில் '450 வாட்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. பக்கத்தில் ஒட்டியுள்ள சீட்டைப் பாருங்கள். 12 வோல்ட் என்பதற்கு நேரே 18 ஆம்பியர் என்று இருக்கிறது. 12-ஐ 18-ஆல் பெருக்குங்கள். வருவது 216. பிராசஸருக்கும் கிராபிக்ஸ் கார்டுக்கும் அந்த 12 வோல்ட்தான் தீனி. அப்படியானால் 450 வாட் எங்கே? அட்டையில் இருக்கிறது!

நல்ல 550 வாட் பெட்டியில் 45 ஆம்பியர் போல இருக்கும். பெருக்கினால் 540. இது நேர்மையான சரக்கு. '80 பிளஸ்' என்ற முத்திரையையும் பாருங்கள். அது மின்சாரம் வீணாகாத அளவைச் சொல்லும். பாதுகாப்புக்கு அது முழு ஜாமீன் அல்ல. பெயர் பெற்ற கம்பெனியா, எத்தனை வருஷம் வாரண்டி என்பதையும் கேளுங்கள்.

எத்தனை வாட் தேவை? ரைசன் 5 5600 பிராசஸருக்குக் குறித்த அளவு 65 வாட். ஆர்.டி.எக்ஸ். 5060 கார்டுக்கு 145. இரண்டும் சேர்ந்து 210. மற்றவற்றுக்கும் சேர்த்தால் முந்நூறுக்குள் அடங்கும். 550 தாராளம். "850 வாங்குங்கள் சார்" என்று கடைக்காரர் சொன்னால் சிரித்துக்கொண்டே தலையாட்டுங்கள். வாங்கவேண்டாம்.

வீட்டில் எர்த் கம்பி சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பார்த்துவிடுங்கள். கம்ப்யூட்டர் பெட்டியைத் தொட்டால் 'சுர்' என்கிறதா? எர்த் கம்பியில் கோளாறு இருக்கலாம். குழந்தைகள் இருக்கிற வீட்டில் இதை நாள் கடத்தக் கூடாது.

ஏழு பெரிதா, மூன்று பெரிதா?

"ஐ7 பிராசஸர் சார், பாதி விலை!" என்று ஒரு குரல் கேட்கும்.

எந்தத் தலைமுறை என்று கேளுங்கள். நாலாம் தலைமுறை என்றால் அது 2013-ல் வந்தது. 2022-ல் வந்த பன்னிரண்டாம் தலைமுறை ஐ3 அதைத் தோற்கடித்துவிடும்.

இன்னொரு வம்பும் உண்டு. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்ட் தந்து வந்த பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 அந்தப் பழைய பிராசஸர்களை முறைப்படி ஏற்பதில்லை. 'வேலரன்ட்' போன்ற விளையாட்டு விண்டோஸ் 11-ல் ஓட டி.பி.எம். என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். ஐ7 வாங்கி வந்த பையன் நண்பர்களோடு ஆட முடியாமல் விழிப்பான்.

இன்டெல் பிராசஸரின் எண்ணுக்குப் பின்னால் 'எப்' என்ற எழுத்து இருந்தால், அதில் படம் காட்டும் பகுதி கிடையாது. தனிக் கார்டு இல்லாமல் திரை இருட்டாகவே இருக்கும். கார்டு வாங்கப் போகிறவர்களுக்கு இதனால் நஷ்டம் இல்லை. விலை கொஞ்சம் குறையும்.

ஜாதகப் பொருத்தம்

பிராசஸர், மதர்போர்டு, ராம் மூன்றுக்கும் பொருத்தம் பார்க்கவேண்டும். ஏ.எம்.டி.யின் 'ஏ.எம்.4' போர்டில் டி.டி.ஆர்.4 ராம்தான் போகும். 2022-ல் வந்த 'ஏ.எம்.5' போர்டில் டி.டி.ஆர்.5 மட்டும். மாற்றி மாட்ட முடியாது. வெட்டுக் குழி இருக்கும் இடமே வேறு.

ராம் 16 ஜி.பி. வேண்டும். ஒரே 16-ஆக வாங்காதீர்கள். இரண்டு 8-ஆக வாங்குங்கள். இரண்டு பாதையில் செய்தி போய் வரும். ஆனால் 2025 கடைசியில் நினைவகச் சில்லுகளின் விலை கிடுகிடுவென்று ஏறியது. செயற்கை அறிவு வேலைகளுக்காகப் பெரிய கம்பெனிகள் வாங்கிக் குவித்ததே காரணம். ஆகவே ராம் விலையை விசாரித்த பிறகே மற்றக் கணக்கைப் போடுங்கள்.

எஸ்.எஸ்.டி. 500 ஜி.பி. ஆரம்பத்துக்குப் போதும். கேபினட்டில் கலர் விளக்கு வேண்டாம், முன்பக்கம் காற்றுப் போக வலைக்கண் வேண்டும். நம் ஊர் சித்திரை வெயிலில் கண்ணாடி முகப்பு வைத்த பெட்டி அடுப்பாகிவிடும்.

மாட்டும்போது

ஏ.எம்.5 போர்டில் பிராசஸர் உட்காரும் இடத்தில் 1,718 மெல்லிய ஊசிகள் இருக்கின்றன. விரல் படக் கூடாது. ஒன்று வளைந்தாலும் போர்டுக்கு வாரண்டி கிடைப்பது சந்தேகம். ஏ.எம்.4-ல் ஊசிகள் பிராசஸரின் அடியில் இருக்கும். கீழே போட்டுவிடாதீர்கள்.

எல்லாம் மாட்டியாயிற்று. விளையாட்டு திக்குகிறதா? கலங்கவேண்டாம். திரையின் கம்பியை மதர்போர்டில் சொருகியிருப்பீர்கள். பிடுங்கி, கீழே உள்ள கிராபிக்ஸ் கார்டில் சொருகுங்கள்.

காலி அட்டைப் பெட்டிகளை அம்மா எடைக்குப் போடப் பார்ப்பார். வாரண்டி முடிகிறவரை விடாதீர்கள். பில்லை அதற்குள்ளேயே வைத்துப் பரணில் ஏற்றிவிடுங்கள். பில்லில் ஒவ்வொரு சாமானின் சீரியல் நம்பரும் இருக்கிறதா என்று கடையிலேயே பார்த்து வாங்குங்கள்.