ஞாயிறும் மற்ற ஆறு நாட்களும்: குமரிச் சபைகளில் தலித் கிறிஸ்தவர்கள்

திருச்சபையில் சாதி இருக்கிறதா என்று கேட்டால் பெரும்பாலும் இறையியல் விடையே கிடைக்கும். கிறிஸ்துவுக்குள் அனைவரும் ஒன்று என்பார்கள். அது விசுவாசத்தின் விடை. அன்றாட நடைமுறையின் விடையைத் தேடுவோர் ஒரு சபையின் வாரத்தைப் பார்க்க வேண்டும். ஆலயத்தின் சாவி யாரிடம் இருக்கிறது, கணக்குப் புத்தகத்தை எழுதுவது யார், போதகர் எந்தச் சபையில் குடியிருக்கிறார், வாக்காளர் பட்டியலில் எவர் பெயர் இருக்கிறது என்பன அந்த வாரத்துக்குள் அடங்கியவை. கன்னியாகுமரி மாவட்டத்தின் சீர்திருத்தச் சபை வரலாறு ஒரு தலித் குடும்பத்தின் அழைப்பில் தொடங்கியது. ஆகையால் இக்கேள்விகளுக்கு இங்கே கூடுதல் எடை உண்டு.

மயிலாடியில் தொடங்கிய வரலாறு

நாஞ்சில் நாட்டு மயிலாடியைச் சேர்ந்த மகாராசன் சாம்பவர் குலத்தவர். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் சிதம்பரத்துக்கு யாத்திரை சென்று திரும்பும் வழியில் தஞ்சாவூரில் தங்கியபோது மிஷனெரி கோலாப்பின் போதனையைக் கேட்டார். திருமுழுக்குப் பெற்று வேதமாணிக்கம் என்ற பெயருடன் ஊர் திரும்பினார். தன் உறவினரைத் திரட்டியதோடு நிற்காமல் தங்களுக்கு ஒரு போதகர் வேண்டும் என்று கேட்டவரும் அவரே. அந்த அழைப்பை ஏற்றுத்தான் லண்டன் மிஷனெரி சங்கத்தைச் சேர்ந்த ரிங்கல்தௌபே 1806இல் ஆரல்வாய்மொழி வழியாகத் திருவிதாங்கூருக்குள் வந்தார். 1809இல் மயிலாடியில் ஆலயம் எழுந்தது.

மிஷனெரிகள் வந்து தலித்துகளை மாற்றினார்கள் என்ற வழக்கமான கதை இங்கே பொருந்தாது. தலித்துகள்தாம் மிஷனெரியை அழைத்தார்கள். ரிங்கல்தௌபே 1816இல் விடைபெற்றபோது சபைகளின் பொறுப்பை வேதமாணிக்கத்திடமே ஒப்படைத்தார். சார்லஸ் மீட் வந்து சேரும் வரை திருவிதாங்கூரின் லண்டன் மிஷன் சபைகளை நடத்தியவர் சாம்பவர் ஒருவர்.

அக்காலத் திருவிதாங்கூரில் சாம்பவரும் புலையரும் வாங்கவும் விற்கவும் பட்ட அடிமைகள். அடிமை முறை அங்கே சட்டப்படி முடிவுக்கு வந்தது 1855இல்தான். அடிமைக்கு வாரம் என்ற ஒன்று கிடையாது. வயல் அழைக்கும் நாளெல்லாம் வேலை நாள். ரெசிடெண்ட் மன்றோ காலத்தில் கிறிஸ்தவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் கட்டாய ஊழியம் செய்ய வேண்டியதில்லை என்ற விலக்குக் கிடைத்தது. ஏழு நாளில் ஒரு நாள் தன் உடல் தனக்குச் சொந்தம் என்ற நிலை சாதாரணமானதன்று. ஓய்வுநாள் என்ற சொல்லை இன்று நாம் சமயச் சடங்காக வாசிக்கிறோம். அடிமைக் குடிகளுக்கோ அது உழைப்பின் மீதான உரிமையாகவும் இருந்தது.

சபைக்குள் வந்தவர்களில் நாடார் சமூகத்தவர் விரைவில் பெரும்பான்மையாயினர். அவர்களும் ஒடுக்கப்பட்டவர்களே. தோள்சீலைப் போராட்டத்தில் அவர்களுடைய பெண்கள் தெருவில் ஆடை கிழிக்கப்பட்டுப் போராடினர். 1859இல் வந்த அரச பிரகடனம்கூட மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் அவர்களுக்கு மேலாடை உரிமையை வழங்கியது. அந்தப் போராட்டம் இம்மாவட்டத்தின் பொது நினைவாக இன்றும் கொண்டாடப்படுகிறது, கொண்டாடப்பட வேண்டியதும்கூட. ஆனால் ஒடுக்கப்பட்ட ஒரு சமூகம் எழுந்து நின்றபோது அதனினும் கீழே வைக்கப்பட்ட சமூகம் அதே உயரத்துக்கு வந்ததா என்பது தனிக் கேள்வி.

மிஷனெரிகளிடையேயும் சாதி புகுந்தது. சார்லஸ் மீட் 1850களின் தொடக்கத்தில் பறையர் குலக் கிறிஸ்தவப் பெண்ணொருவரை மணந்தபோது சக மிஷனெரிகளால் அதைப் பொறுக்க முடியவில்லை. அவர் சங்கத்தை விட்டு விலக நேர்ந்தது. 1907இல் நாகர்கோவில் பகுதிக்கு வந்த லூத்தரன் மிஷன் சாம்பவர்களிடையே வேரூன்றியதை இந்தப் பின்னணியில் வைத்தே புரிந்துகொள்ள வேண்டும்.

இரண்டு மரபுகள் இணைந்த சபை

இங்குள்ள சி.எஸ்.ஐ. சபைகள் உலக ஆங்கிலிகன் ஐக்கியத்தின் உறுப்பினர்களே. ஆயினும் திருநெல்வேலியைப் போல ஆங்கிலிகன் மிஷன்களிலிருந்து பிறந்தவை அல்ல. லண்டன் மிஷன், உள்ளூர்ச் சபையே தன்னை ஆள வேண்டும் என்னும் கொள்கை ஓங்கிய அமைப்பு. அதன் சபைகள் 1908இல் தென்னிந்திய ஐக்கிய சபையில் இணைந்தன. அந்த ஐக்கிய சபை, ஆங்கிலிகன், மெதடிஸ்டு சபைகளோடு 1947 செப்டம்பர் 27 அன்று ஒன்றுபட்டுத் தென்னிந்தியத் திருச்சபை ஆயிற்று. 1956இல் மாவட்டம் தமிழகத்தோடு இணைந்த பின்னர், 1959இல் கன்னியாகுமரிப் பேராயம் தனியாக உருவானது.

எனவே குமரிச் சபைகளில் இரண்டு மரபுகள் உள்ளன. மேலே பேராயர் பதவி. அது ஆங்கிலிகன் கொடை. கீழே சபையாரால் தேர்ந்தெடுக்கப்படும் குழு. அது லண்டன் மிஷனின் கொடை. கூட்டம் நடத்துவது, தீர்மானம் எழுதுவது, வரவு செலவை வாசித்து ஒப்புதல் பெறுவது, வாக்களிப்பது ஆகிய பழக்கங்கள் நாட்டில் வயது வந்தோர் வாக்குரிமை வருவதற்கு முன்பே கூரைச் சபைகளில் புழங்கின. ஓய்வுநாள் பள்ளியில் எழுத்தறிந்த தலித் குழந்தை வளர்ந்து சபையின் தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்திட்டது அரசியல் பயிற்சியன்றி வேறென்ன?

ஞாயிறு

சி.எஸ்.ஐ. 1950இல் உருவாக்கிய திருவிருந்து வழிபாட்டு முறையில் ஒரு புதுமை இருந்தது. சமாதான வாழ்த்து கையிலிருந்து கைக்கு மாற வேண்டும் என்றது அது. சிரியன் கிறிஸ்தவர்களின் பழைய மரபிலிருந்து எடுக்கப்பட்ட இந்தச் சடங்கு பின்னர் உலகின் பல சபைகளுக்கும் பரவியது. தீண்டாமை நிலவும் சமூகத்தில் தொடுதலையே வழிபாடாக்கியது சிறிய செயல் அன்று.

தஞ்சை, சென்னை பகுதிகளின் பழைய சபைகளில் சாதிவாரியாக அமர்வதும் திருவிருந்தில் வரிசை பிரிப்பதும் நெடுங்காலம் நடந்தன. 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் அவ்வழக்கத்தை முற்றாகக் கைவிட வேண்டும் என்று ஆணையிட்டபோது மேல்சாதிக் கிறிஸ்தவர் பலர் எதிர்த்து வெளியேறினர். அந்த வரலாற்றைக் கொண்டு பார்த்தால் ஒரே பாத்திரத்தில் பருகுவதும் கையைப் பற்றி வாழ்த்துவதும் போராடிப் பெற்றவை என்பது விளங்கும்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமையின் சமத்துவத்துக்கு ஓர் எல்லை இருக்கிறது. நம் ஊர்கள் சாதிவாரியாகக் குடியேறியவை. ஊருக்கொரு ஆலயம் என்றால் நடைமுறையில் சாதிக்கொரு ஆலயம் என்றாகிவிடுகிறது. சாம்பவர் குடியிருப்பின் சிறிய ஆலயத்தில் சாம்பவர்களே கையைப் பற்றி வாழ்த்திக்கொள்கிறார்கள்; பெரிய ஆலயத்திலும் அவ்வாறே அந்த ஊரார் மட்டும். அங்கே எவரும் எவரையும் ஒதுக்கவில்லை. ஒதுக்க வேண்டிய தேவையே எழாதபடி நிலவியல் அதைச் செய்துவிட்டது. திருச்சி மேலப்புதூர் கத்தோலிக்கக் கல்லறையில் தலித்துகளைப் பிரித்து எழுப்பப்பட்ட சுவரைப் புகைப்படம் எடுக்க முடியும். இந்தப் பிரிவினையை எடுக்க முடியாது.

மற்ற ஆறு நாட்கள்

பல சபைகள் சேர்ந்தது ஒரு சேகரம். சாதி சோதிக்கப்படுவது அந்த மட்டத்தில்தான். எடுத்துக்காட்டாக, ஒரு பெரிய சபையும் நான்கு சிறிய சபைகளும் கொண்ட சேகரத்தை எண்ணிப் பாருங்கள். உறுப்பினர் எண்ணிக்கைப்படி பத்துப் பிரதிநிதிகளில் ஆறு பேர் பெரிய சபைக்கு. மற்றவை தலா ஒருவருக்கு. செயலர், பொருளாளர், பேராயப் பெருமன்றத்துக்குச் செல்வோர் என எல்லாத் தேர்தலும் முறைப்படியே நடக்கும். எவர் மீதும் குறை சொல்ல இயலாது. முடிவில் தலித் குடியிருப்பின் பிரதிநிதி ஆண்டுக்கு ஆண்டு தனி ஒருவராகவே அமர்ந்திருப்பார். எண்ணிக்கையை மட்டும் நம்பும் ஜனநாயகம் சிறுபான்மையை எப்போதும் தோற்கடிக்கும் என்று அம்பேத்கர் வகுப்புப் பெரும்பான்மை குறித்துத் தந்த எச்சரிக்கை சேகரத்துக்கும் பொருந்தும்.

வாக்குரிமைக்கும் ஒரு படிக்கல் உண்டு. திருவிருந்தில் பங்குகொள்பவராகவும் சபைக்குரிய காணிக்கையைப் பாக்கியின்றிச் செலுத்தியவராகவும் இருக்க வேண்டும். எல்லோருக்கும் பொதுவான விதிதான். ஆனால் தினக்கூலியில் வாழும் குடும்பத்துக்குப் பாக்கி என்பது மாதச் சம்பளக்காரருக்கு உள்ளதைப் போன்ற மறதி அன்று. அறுப்பின் பண்டிகையையும் இப்படிப் பார்க்கலாம். விளைச்சலின் முதற்பலனைப் படைத்து ஏலம் விடுவது வழக்கம். வாழைத்தாரும் நெல்லும் நிலமுடையவரின் பெயரில் படைக்கப்படுகின்றன; அறுத்தவரின் பெயர் வாசிக்கப்படுவதில்லை.

வாரத்தின் இடைநாட்களைத் தாங்குபவர்கள் பெண்கள். வீட்டு ஜெபக் கூட்டம், நோயாளிகளைச் சந்தித்தல், பெண்கள் ஐக்கியச் சங்கம், சமைக்குமுன் எடுத்து வைக்கும் பிடியரிசி எல்லாம் அவர்களாலேயே நடக்கின்றன. இதற்கும் ஒரு முன்வரலாறு இருக்கிறது. 1821இல் மார்த்தா மால்ட் நாகர்கோவிலில் லேஸ் பின்னலைக் கற்றுக்கொடுத்தார். அடிமைக் குடும்பத்துப் பெண்கள் அந்த வருமானத்தைக் கொண்டு தங்கள் விடுதலையை விலைகொடுத்து வாங்கினர். அத்தகைய பெண்களின் வழிவந்தோரின் பிடியரிசி சபை நிதியில் சேர்கிறது. அந்த நிதியைப் பங்கிடும் மேசையில் அவர்களுக்கு எத்தனை நாற்காலிகள் என்று கேட்பது முறையான கேள்வியே.

பள்ளி, கல்லூரி, மருத்துவமனை ஆகியவற்றில்தான் கேள்வி கூர்மையடைகிறது. 1893இல் கல்லூரியாக உயர்ந்த ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியும் 1838இல் மருத்துவப் பணி தொடங்கிய நெய்யூரும் இம்மாவட்டத்தின் முகத்தையே மாற்றின. அரசு உதவிபெறும் நிறுவனங்களில் சம்பளத்தை அரசு தருகிறது. நியமனத்தை நிர்வாகம் செய்கிறது. அந்த நிர்வாகத்துக்கான வழி சேகரத் தேர்தலில் தொடங்குகிறது. செவ்வாய்க்கிழமை மாலை நடக்கும் சிறு குழுக் கூட்டத்துக்கும் ஓர் ஆசிரியர் பணிக்கும் இடையே நேர்க்கோடு இருக்கிறது.

ஆலய வருகையே சாட்சியானால்

சபைக்குள் இந்த நிலை என்றால், சபைக்கு வெளியே அரசின் நிலை இன்னொன்று. 1950 ஆகஸ்டு 10 அன்று வெளியான குடியரசுத் தலைவர் ஆணை, இந்து அல்லாதவரைப் பட்டியல் சாதியாகக் கருத முடியாது என்றது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் அதில் சேர்க்கப்பட்டனர். கிறிஸ்தவரும் இஸ்லாமியரும் இன்றும் வெளியே. தமிழ்நாட்டில் தலித் கிறிஸ்தவர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைக்கப்பட்டுள்ளனர். கிறிஸ்தவ நாடாரும் அதே பட்டியலில்தான். வேதமாணிக்கத்தின் வழிவந்தவர் போட்டியிட வேண்டிய களம் அது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பும் உள்ளாட்சித் தனித்தொகுதியும் அவருக்கு இல்லை.

பட்டியல் சாதிச் சான்றிதழ் கோரிய புதுச்சேரிப் பெண் ஒருவரின் மனுவை உச்ச நீதிமன்றம் 2024 நவம்பர் 26 அன்று தள்ளுபடி செய்தது. அவர் தவறாமல் ஆலயத்துக்குச் செல்வதை நீதிமன்றம் அவர் கிறிஸ்தவர் என்பதற்கான சான்றாகக் குறிப்பிட்டது. இதன் பொருள் என்ன? பாட்டன் காலத்தில் உழைப்பிலிருந்து விடுதலை தந்த ஞாயிற்றுக்கிழமை, பேரனின் காலத்தில் உரிமையை இழப்பதற்கான சாட்சியாகிறது. ஆகவே சிலர் சபைப் பதிவேட்டில் பெயர் சேர்க்கத் தயங்குகிறார்கள். பதிவேட்டில் பெயரில்லாதவருக்குச் சபையில் வாக்கு இல்லை. வெளியிலுள்ள சட்டம் உள்ளேயுள்ள அதிகாரமின்மையை இவ்வாறு வளர்க்கிறது.

2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் இந்த மதத் தடையை நீக்கப் பரிந்துரைத்தது. 2023 ஏப்ரல் 19 அன்று தமிழ்நாடு சட்டமன்றம் தலித் கிறிஸ்தவர்களுக்குப் பட்டியல் சாதித் தகுதி கோரித் தீர்மானம் நிறைவேற்றியது. அக்கோரிக்கையைத் திருச்சபைத் தலைமைகளும் ஆதரிக்கின்றன. நவம்பர் இரண்டாம் ஞாயிறு தலித் விடுதலை ஞாயிறாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. அரசிடம் நீதி கேட்கும் சபை அதே அளவுகோலைத் தன் மீதும் வைக்கும்போதுதான் அக்கோரிக்கைக்கு வலிமை கூடும்.

கேட்க வேண்டியவை

இதற்குப் புதிய இறையியல் தேவையில்லை. இருக்கும் அமைப்பே போதும். சேகரக் குழுவிலும் பேராயப் பெருமன்றத்திலும் தலித் பெண்களுக்கும் ஆண்களுக்கும் விதியின் வழியே இடம் உறுதிசெய்யப்பட வேண்டும். நியமன உறுப்பினர் என்ற தயவு போதாது. காணிக்கைப் பாக்கியை வாக்குரிமையோடு இணைக்கும் நடைமுறை மறுபரிசீலனைக்கு உரியது. சேகரத்தின் திருவிருந்து ஆராதனையையும் போதகரின் குடியிருப்பையும் சிறிய சபைகளுக்கும் சுழற்சி முறையில் கொண்டுசெல்லலாம். பெரிய சபையார் சாம்பவர் குடியிருப்பின் ஆலயத்துக்கு வந்து அங்கே கையைப் பற்றி வாழ்த்தும் நாளில் 1950இன் வழிபாட்டு முறை முழுமை பெறும். நிறுவனங்களின் நியமன விவரங்களைச் சமூக வாரியாக ஆண்டுதோறும் வெளியிடுவதில் சட்டத் தடை ஏதுமில்லை.

கல்லூரி மாணவர்கள் தங்கள் சொந்தச் சேகரத்திலிருந்து தொடங்கலாம். கடந்த இருபது ஆண்டுகளின் செயலர், பொருளாளர் பெயர்களை ஆண்டறிக்கைகளிலிருந்து எடுத்து எழுதிப் பாருங்கள். எந்தச் சபையிலிருந்து எத்தனை பேர் என்ற பட்டியல் ஒரே பக்கத்தில் முடிந்துவிடும். அடுத்த பொதுக்கூட்டத்தில் அந்தப் பக்கத்தை எழுந்து நின்று வாசிக்கும் உரிமையை, மயிலாடியில் போதகரைக் கேட்டு அழைத்த தலைமுறை ஏற்கெனவே ஈட்டித் தந்திருக்கிறது.