தங்க அட்டையும் அம்மன் காசும்

சென்ற மாதம் ஒரு நாள், கடுகு டப்பாவில் வைத்திருந்த பால் பணத்தில் அறுநூறு ரூபாய் குறைந்தது. வீட்டு வேலைக்கு வரும் பெண்ணிடம், "நீ எடுத்தியா?" என்று கேட்டுவிட்டேன். அழுதுகொண்டே போனாள். மறுநாள் பையனின் புத்தகப் பையைத் துவைக்க எடுத்தால், உள்ளே கட்டுக் கட்டாகத் தங்க நிறத்தில் போக்கிமான் அட்டைகள்! ஆறாம் வகுப்புப் படிக்கிறான்.

"ஒரு கார்டு லட்ச ரூபாய்க்குப் போகும்னு பசங்க சொன்னாங்கம்மா" என்று விசும்பினான்.

அடுப்பில் போடத்தான் கை போயிற்று. அப்படி என்னதான் இருக்கிறது என்று தெரிந்துகொண்டு போடுவோமே என்று கைப்பேசியை எடுத்து உட்கார்ந்தேன்.

சகோதரிகளே, பையன் சொன்னது முழுப் பொய் இல்லை! 1996ல் ஜப்பானில் வந்த இந்த அட்டை விளையாட்டில், 1998 வாக்கில் ஓவியப் போட்டிப் பரிசாகச் சுமார் 40 பேருக்கு மட்டும் தந்த பிகாச்சு அட்டை ஒன்றை, 2021ல் அமெரிக்கர் லோகன் பால் 52 லட்சத்து 75 ஆயிரம் டாலருக்கு வாங்கினார். அரிதானது, கசங்காதது, கேட்க ஆள் இருப்பது, இந்த மூன்றும் சேர்ந்தால்தான் அந்த விலை. போட்டியில் ஜெயிக்கும் அட்டைக்கும் விலை ஏறும். கம்பெனி அதையே திரும்ப அச்சடித்தால் இறங்கும். வெங்காய விலை மாதிரிதான்!

விளையாட்டும் சூதாட்டம் இல்லை. ஆளுக்கு 60 அட்டை. கையில் 7, பரிசாக ஒதுக்கி வைப்பது 6. ஒரு முறைக்கு ஒரு சக்தி அட்டைதான் இணைக்கலாம். எதை முதலில் இறக்குவது, எதைச் சேமிப்பது என்று கணக்குப் போடவேண்டும். 2024ல் ஹோனலுலுவில் நடந்த உலகப் போட்டியில் சிலி நாட்டு இளைஞர் பெர்னாண்டோ சிபுவெண்டஸ் வென்றார். அரையிறுதியில் அவரை ஜெயித்தவர் அநாகரிகமாகச் சைகை செய்து தகுதி இழந்ததால் வந்த வாய்ப்பு அது! கெட்டிக்காரத்தனம் இருந்தால் போதுமா, மரியாதையும் வேண்டாமா?

சரி, எங்கள் வீட்டு அட்டைகள்? விளையாட்டுக்கான அசல் அட்டை தடித்த தாளில் அச்சானது, பின்பக்கம் நீலம். இவையோ முன்னும் பின்னும் தங்க நிறப் பிளாஸ்டிக், எழுத்துப் பிழை வேறு. அத்தனையும் போலி. பையன் முகம் வாடிப்போயிற்று.

அப்போது என் மாமியார் தம் சுருக்குப் பையிலிருந்து நாலு அம்மன் காசுகளை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தார். புதுக்கோட்டை ராஜா காலத்தில் நவராத்திரிக்கு அரிசியோடு கொடுத்த செப்புக் காசு. ஒரு பக்கம் பிரகதாம்பாள், மறுபக்கம் 'விஜய' என்று தெலுங்கில் இருக்கும். அன்று 20 காசு சேர்ந்தால் ஓரணா.

"இதுக்கு ஆயிரம் தர்றேன்னு ஒருத்தன் சொல்லுவான், பத்துகூடப் பெறாதுன்னு இன்னொருத்தன் சொல்லுவான். வாங்கறவன் பணத்தை எடுத்து வச்சாத்தான்டா அது விலை. எங்கம்மா கையால குடுத்ததுன்னுதான் நான் வச்சிருக்கேன்" என்றார்.

மறுநாள் காலை வேலைக்கார அம்மா வீட்டுக்கு நானும் பையனும் போய் மன்னிப்புக் கேட்டோம். அவனைவிட எனக்குத்தான் தலை குனிந்தது. அறுநூறு ரூபாயைத் தன் தின்பண்டக் காசில் வாராவாரம் அடைக்கிறான்.

அட்டைகளை எரிக்கவில்லை. துண்டுத் தாளில் 'நெருப்பு', 'நீர்' என்று எழிதிச் சக்தி அட்டையாக்கி, ராத்திரி சாப்பாட்டுக்குப் பின் இருவரும் ஆடுகிறோம். இதுவரை நான் ஜெயித்தது இரண்டே ஆட்டம்!