பஸ்ஸில் வந்த 5 கிலோ!

பஸ்ஸில் உங்க பக்கத்து சீட்காரர் பையில் 5 கிலோ கஞ்சாப் பிசின் இருந்தா, பதறிடுவீங்கதானே? 1960-களின் தொடக்கத்தில் இஸ்ரேலில் இது நிஜமாவே நடந்துச்சு. பையோடு வந்தவர் கடத்தல்காரர் இல்லை பாஸ்... ரஃபேல் மெக்கூலம் என்கிற வேதியியல் விஞ்ஞானி. ஆராய்ச்சிக்காக அந்தச் சரக்கைக் கொடுத்ததே போலீஸ்தான்!

1964-ல் மெக்கூலமும் யெஹியேல் கவோனியும் கஞ்சாவில் போதை தர்ற பொருளைத் தனியாப் பிரிச்சு, அதன் அமைப்பையும் கண்டுபிடிச்சாங்க. அதுதான் டி.ஹெச்.சி.

அதுக்கும் கேன்சருக்கும் என்ன சம்பந்தம்? கீமோதெரபி எடுத்தவங்க வீட்டில் கேளுங்க, அந்த வாந்தியோட கொடுமையைச் சொல்வாங்க. கீமோ மருந்து உள்ளே போனதும் குடல் செல்கள் செரட்டோனினைக் கொட்டும். உடனே நரம்பு வழியா மூளைத்தண்டுக்கு 'வாந்தி எடு'ன்னு தகவல் பறக்கும். அந்த ஏரியாவில் சிபி-1னு சில ஏற்பிகள் இருக்கு. டி.ஹெச்.சி. அங்கே போய் உட்கார்ந்தா, வாந்தி சிக்னலோட வேகம் குறையுது. நம்ம உடம்பே இதுமாதிரி ஒரு பொருளைத் தயாரிக்குது. 1992-ல் அதைக் கண்டுபிடிச்ச மெக்கூலம் குழு வெச்ச பேரு, ஆனந்தமைடு. ஆமா, நம்ம 'ஆனந்தம்'தான்!

1985-ல் ட்ரோனாபினால், நாபிலோன்னு ரெண்டு மருந்துகளுக்கு அமெரிக்கா ஓ.கே. சொல்லுச்சு. அதே 1985-ல்தான் இந்தியாவில் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் வந்துச்சு. செம முரண்!

'அப்போ கஞ்சா நல்லதுதானே மச்சி?'ன்னு கிளம்பிடாதீங்க. மத்த மருந்துகள் கைவிட்டால்தான் இந்த மாத்திரைகள். இன்னிக்கு வாந்திக்கு முதல் சாய்ஸ் ஆண்டன்செட்ரான் போன்ற மருந்துகள்தான். கேன்சர் வலிக்கு கஞ்சா ஸ்பிரேயைப் பெரிய அளவில் சோதிச்சப்போ, டம்மி மருந்தைவிடத் தெளிவா ஜெயிக்கலை. கஞ்சா கேன்சரையே குணமாக்கும்ங்கறதுக்கு மனுஷங்ககிட்டே நிரூபணமே இல்லை.

உங்க வீட்டில் யாராவது கீமோவில் துவண்டு கிடக்கும்போது, 'கஞ்சா எண்ணெய் கொடுத்துப் பாரு'ன்னு ஒருத்தர் காதில் ஓதலாம். பாசத்தில் மனசு தடுமாறும், நியாயம்தான். ஆனா, தெருச்சரக்கில் எவ்வளவு டி.ஹெச்.சி., என்ன கலப்படம்னு யாருக்கும் தெரியாது. தலைசுற்றல், குழப்பம்னு பலவீனமான உடம்பை இன்னும் சாய்ச்சிடும். மாட்டினா கேஸ் வேற!

அதுக்குப் பதிலா டாக்டர்கிட்டே போய் தைரியமா கேளுங்க: 'வாந்தி நிக்கலை சார், மருந்தை மாத்திப் பார்க்கலாமா?' வாந்தியைச் சகிச்சுக்கிட்டே கிடக்கணும்னு எந்த விதியும் இல்லை. சொல்லத் தெம்பில்லாதவங்களுக்காக அதைக் கேட்கவேண்டியது நீங்கதான்!