மூட்டு வலியும் முடங்காத வாழ்வும்

நாற்பது ஆண்டுகள் குழித்தறியில் மிதித்த கால்களும், வயலில் குந்திக் களையெடுத்த கால்களும் ஒருநாள் வலிக்கத் தொடங்குவதில் வியப்பில்லை. நமக்கு வருத்தம் தருவது அதன்பின் நடப்பதுதான். "வயதாகிவிட்டது, இனி ஓய்வெடுங்கள்" என்று வீட்டார் அன்போடு சொல்லுகிறார்கள். பெரியவரும் திண்ணையில் அமர்ந்துவிடுகிறார். சில மாதங்களில் தொடை இளைத்துக் கால் வலுவிழந்து, கொல்லைப்புறம் செல்லவும் துணை வேண்டியதாகிறது. இந்த ஓய்வு நன்மை செய்கிறதா என்பதை அங்கத்தினர்கள் சிந்திக்க வேண்டும்.

மூட்டில் எலும்பின் முனைகளை வழவழப்பான குருத்தெலும்பு மூடியிருக்கிறது. அதற்குள் இரத்தக் குழாய்கள் இல்லை. மூட்டில் ஊறும் திரவமே அதற்கு உணவு. நாம் நடக்கையில் அது அழுந்தி விரிந்து, பஞ்சு நீரை உறிஞ்சுவதுபோல் அத்திரவத்தை ஏற்கிறது. அசைவு குறைந்தால் உணவும் குறையும். தேய்ந்ததை நடை மீண்டும் வளர்த்துவிடாது. ஆனால் மூட்டைத் தாங்கும் தசை வலுப்பெற்றால் வலி தணிவதுண்டு.

இதற்குப் பொருட்செலவு இல்லை. நாற்காலியில் நிமிர்ந்து அமர்ந்து, ஒரு காலை நேராக நீட்டித் தொடையை இறுக்கி, ஐந்து எண்ணும்வரை வைத்திருந்து இறக்குக. ஒவ்வொரு காலுக்கும் 10 முறை, காலையும் மாலையும் செய்யலாம். சிறிது நடந்து, நாளடைவில் தூரத்தைக் கூட்டலாம். மறுநாளும் வலி மிகுந்திருந்தால் அளவைக் குறைப்பதே முறை. கைத்தடியை வலியில்லாத பக்கத்துக் கையில் பிடிக்க வேண்டும். உடற்பருமன் உள்ளவர் ஒரு கிலோ எடை குறைத்தால், ஒவ்வோர் அடியிலும் முழங்கால் ஏற்கும் சுமை நான்கு கிலோ அளவுக்குக் குறைவதாக 2005-ல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று காட்டியது.

தொழிலை விடுவதற்கு முன் தொழில் செய்யும் முறையை மாற்றிப் பார்ப்போம். தறிக்குழியில் இறங்கி ஏறப் பிடித்துக்கொள்ள ஒரு கம்பம் நடலாம். இருக்கையைச் சற்று உயர்த்தலாம். அவ்வப்போது எழுந்து நாலு அடி நடக்கலாம். வரிசை நடவு செய்த நெல் வயலில் கோனோவீடரை நின்றபடியே தள்ளலாம், குந்த வேண்டியதில்லை.

சில சமயங்களில் தாமதம் கூடாது. விழுந்தபின் காலை ஊன்ற முடியாமற் போனாலும், மூட்டு சிவந்து வீங்கிக் காய்ச்சல் கண்டாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். இடுப்பெலும்பு முறிந்த முதியவரைக் கட்டுப் போட்டுப் படுக்கையில் கிடத்துவது உயிருக்கே ஆபத்து. வலி மாத்திரைகளைக் கடையில் தாமாக வாங்கி நெடுநாள் விழுங்கினால் வயிறும் சிறுநீரகமும் கெடும்.

இவை யாவும் பயன்படாதபோதுதான் மூட்டு மாற்றுச் சிகிச்சை. செயற்கை முழங்கால் மூட்டுகளுக்கு மத்திய அரசு 2017-ல் உச்சவிலை விதித்தது. காப்பீட்டு அட்டையோடு முதலில் அரசு மருத்துவமனையை அணுகுவது நன்று.

கரையும் பேட்டும் கண்ணாலேயே கணிக்கும் முதியவர், மண்ணைத் தொட்டே ஈரம் சொல்லும் முதியவர், இவர்கள் நம் சங்கத்தின் செல்வம். அவர்களைத் திண்ணையில் அமர்த்திவிடாமல், கைகொடுத்து நடக்கச் செய்வோமாக.